பரணில் கிடைத்த நியோ ஜியோ: வருகிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிடுகிறார்கள். அப்புறம் வரிசையாகக் கேள்விகள், எல்லோரிடமும் அதே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால், ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

இது என்ன, பழைய விசிஆரா?

எல்லோரும் முதலில் அப்படித்தான் கேட்கிறார்கள். இது நியோ ஜியோ. ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த எஸ்என்கே கம்பெனி 1990-ல் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி. எஸ்என்கே என்பது ஷின் நிஹோன் கிகாக்கு என்ற பெயரின் சுருக்கம். கம்பெனி ஆரம்பித்தது 1978-ல். நம்மூர்ப் பையன்களுக்குக் கம்பெனிப் பெயர் தெரியாது, ஆனால் வீடியோ கேம் கடை மெஷினின் திரையில் அந்த எழுத்துகள் வந்து, கூடவே ஒரு மணிச் சத்தம் மாதிரி ராகம் வருமே, அதைச் சொன்னால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கிற யாரும் தலையாட்டுவார்கள்.

கடையில் ஆளுயரத்துக்கு நின்ற அந்த மெஷினின் பெயர் எம்விஎஸ். வீட்டுக்கு வந்த பெட்டியின் பெயர் ஏஇஎஸ். உள்ளே ஓடுகிற சமாசாரம் இரண்டிலும் ஒன்றுதான்: மோட்டரோலா 68000 சிப் 12 மெகாஹெர்ட்ஸில், பக்கத்தில் சத்தத்தைக் கவனிக்க இஸட்80 என்று இன்னொரு சிப். மற்ற கம்பெனிகள் கடை கேமை வீட்டுப் பெட்டிக்காக இளைக்க வைத்து, அதாவது ஆளைச் சின்னதாக்கி, நிறத்தைக் குறைத்து, பின்னணியில் நின்ற கூட்டத்தைக் காணாமல் அடித்துக் கொடுப்பார்கள். இதில் அந்தப் பேச்சே இல்லை. கடையில் ஓடின அதே கேம் அப்படியே வீட்டிலும் ஓடும்.

உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஆன்லைனில் வாங்கினீர்களா?

நான் வாங்கவில்லை. பாபநாசம் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டின் ஓட்டைப் பிரிக்கும்போது 2021-ல் பரணிலிருந்து இறங்கியது. சித்தப்பா சிங்கப்பூரில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். யாரோ ஒரு முதலாளி வீடு காலி செய்யும்போது, பையன் இனிமேல் ஆட மாட்டான், எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டாராம். 1999-ல் ஊர் திரும்பும்போது தைலம், சோப்பு, கம்பளி எல்லாவற்றோடும் இதையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் எலிமினேட்டர், அதாவது கரண்டு அடாப்டர், வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஓடாத சாமான் எதற்கு ஹாலில் என்று பாட்டி பரணில் ஏற்றச் சொன்னார். ஏற்றியாயிற்று. அட்டைப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது, பெட்டிக்குள்ளே இரண்டு பல்லி முட்டை, அவ்வளவுதான் சேதம்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே 1999-ல் நான் எட்டாம் வகுப்பு. பஸ் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு, மகாமகக் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்த வீடியோ கேம் கடை வாசலில் தினமும் நின்றுகொண்டிருந்தேன். அதே மெஷின் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் சொந்த வீட்டுப் பரணில் படுத்திருந்தது.

அப்போ நீங்கள் அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரரா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நாள் பொய் சொல்லிப் பார்த்தேன், ஸ்டிக்கைக் கையில் கொடுத்ததும் குட்டு உடைந்துவிட்டது.

நான் வேடிக்கை பார்க்கிறவன். அந்தக் கடையில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். என்னிடம் வாரத்துக்கு இரண்டு ரூபாய் சேர்ந்தால் பெரிய விஷயம், அதுவும் மூன்று நிமிஷத்தில் கரைந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஆடுகிறவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மெஷின் கண்ணாடியில் கை வைத்தால் மட்டும் அதட்டுவார். இப்படியே நாலு வருஷம் நின்றிருக்கிறேன். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 என்கிற சண்டை கேமில் யார் எந்த அடியை எப்போது விடுவான், மெட்டல் ஸ்லக்கில் எந்த வைக்கோல் குடிசையை உடைத்தால் என்ன விழும், எந்த இடத்தில் ஹெலிகாப்டர் வரும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இருபது வருஷம் கழித்துப் பெட்டி கைக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்தேன். எதிரி குதிக்கப் போகிறான் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கை பேசாமல் இருக்கிறது. நெருப்பு விடுவதற்கு ஸ்டிக்கைக் கீழே, கீழ்மூலை, முன்னால் என்று கால்வட்டமாக உருட்டிக் குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். எத்தனை பேருக்கு அதை நின்றபடியே மனசுக்குள் செய்து காட்டியிருப்பேன்! என் கையில் பத்துக்கு இரண்டு தடவைதான் வந்தது. கரையில் உட்கார்ந்து நீச்சல் பார்த்தவனைக் காவிரியில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக நான் இதில் செய்துகொண்டிருப்பது, கண்ணுக்குத் தெரிந்ததைக் கைக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலைதான்.

முஸ்தபா கேம் இதில் இருக்கிறதா?

இல்லை, இல்லை, இல்லை. மஞ்சள் தொப்பி போட்டவர் ஓடி வந்து உதைக்கிற அந்த கேமின் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். கேப்காம் என்கிற வேறு கம்பெனி 1993-ல் வெளியிட்டது. முஸ்தபா கெய்ரோ அதில் இருக்கிற நாலு பேரில் ஒருவர், நம்மூர்க்காரர்கள் கேமுக்கே அவர் பெயரை வைத்துவிட்டோம். இன்னொன்று, அந்தக் கடை கேம் எந்த வீட்டுப் பெட்டிக்கும் முறையாக வந்ததே இல்லை. என் மச்சான் இன்னும் நம்பவில்லை, வரும்போதெல்லாம் கேட்கிறார்.

அப்படி என்ன விசேஷம் இதில்? பிளேஸ்டேஷன் இதைவிட நன்றாக இருக்குமே?

பிளேஸ்டேஷன் 1994-ல் வந்தது, முப்பரிமாணம் வரைவதற்காகச் செய்தது. நியோ ஜியோவுக்கு முப்பரிமாணம் சுத்தமாக வராது. தட்டைப் படம் வரைவதில்தான் இது ராட்சசன்.

மற்ற பெட்டிகளில் பின்னணி ஒரு தனி அடுக்கு, அதன்மேல் ஆட்கள் தனிப் படங்கள். இதில் பின்னணி என்று தனியாக ஒன்று கிடையாது. மலை, ஆறு, வீடு, ஆள், நெருப்பு எல்லாமே ஸ்ப்ரைட் என்கிற நகரும் படத் துண்டுகள். ஒவ்வொன்றும் 16 புள்ளி அகலம், உயரம் 512 புள்ளி வரை போகலாம். கூரைக்குக் கீற்று வேய்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு முழு ஊர் வந்துவிடும். ஒரு திரையில் 380 துண்டு வரை. ஒரே நேரத்தில் 4,096 நிறம், மொத்தம் 65,536 நிறத்திலிருந்து எடுத்தது. துண்டுகளைச் சுருக்கவும் செய்யும். ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் என்ற 1992-ம் வருஷத்து கேமில் இரண்டு பேரும் விலகினால் காட்சி பின்வாங்கும், நெருங்கினால் கிட்டே வரும், அதெல்லாம் இந்தச் சுருக்கல் வித்தைதான்.

ஆனால் இதற்கும் மூச்சு வாங்கும். மெட்டல் ஸ்லக் 2, 1998-ல் வந்தது, கூட்டம் அதிகமானால் எல்லாம் தேனில் நடக்கிற மாதிரி மெதுவாகிவிடும். எங்கள் கடைக்காரர் மெஷின் சூடாகிவிட்டது என்று நினைத்துப் பெடஸ்டல் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பார், வியர்வையில் நாங்கள் நிற்போம். கோளாறு கேமில் இருந்தது. அதைச் சரி செய்துதான் 1999-ல் மெட்டல் ஸ்லக் எக்ஸ் வந்தது. ஃபேன் பாவம், சும்மா சுற்றியிருக்கிறது.

ஆன் செய்ததும் 330 மெகா என்று வருகிறதே, என்ன அது?

மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக 330 மெகாபிட் என்பது சுமார் 41 மெகாபைட். இன்று கல்யாண வீட்டில் யாராவது அனுப்புகிற ஒரு வீடியோவுக்குக் காணாது. அன்றைக்கு அது மிரட்டல். ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் 100 மெகாவைத் தாண்டியபோது அதையே பெரிய விளம்பரமாக அடித்தார்கள். பிற்காலத்து கேம்கள் 330-ஐயும் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டன.

அப்போது என்ன விலை?

அமெரிக்காவில் இரண்டு ஸ்டிக், ஒரு கேம், ஒரு மெமரி கார்டு சேர்த்து 650 டாலர். டாலர் 20 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 13,000 ரூபாய். சூப்பர் நிண்டெண்டோ 1991-ல் அங்கே 200 டாலருக்குக் கிடைத்தது. கேம் கேசட்டு தனி, ஒவ்வொன்றும் 200 டாலர் அளவில். அதாவது ஒரு கேசட்டு விலைக்கு வேறு பெட்டியையே வாங்கிவிடலாம். ஜப்பானில் முதலில் இதை வாடகைக்கும் ஓட்டல்களுக்கும்தான் விட்டார்கள், வீட்டுக்கும் வேண்டும் என்று ஜனங்கள் கேட்ட பிறகுதான் விற்பனைக்கு வந்தது. கேசட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே இரண்டு போர்டு, பழைய வீடியோ கேசட்டைவிடப் பெரிது. எங்களுக்குப் பரணில் கிடைத்தவை மூன்று: கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95, 97, அப்புறம் சூப்பர் சைடுகிக்ஸ் என்கிற கால்பந்து.

மெமரி கார்டு என்றேன் இல்லையா, வீட்டில் பாதி ஆடிவிட்டு, கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் கடை மெஷினில் செருகி மீதியை ஆடலாம் என்பது அவர்கள் போட்ட திட்டம். எங்கள் ஊர் மெஷினில் அப்படி ஒரு ஓட்டையை நான் பார்த்ததே இல்லை. இருந்திருந்தால் அதில் ஒரு ரூபாயைச் செருகியிருப்போம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. எப்படி ஓட வைப்பது?

முதலில் கையில் கிடைக்கிற எலிமினேட்டரைச் சொருகாதீர்கள். பாதிப் பெட்டிகள் சாவது இதனால்தான். ஏஇஎஸ்ஸில் முதலில் வந்தவை 5 வோல்ட், பிறகு வந்தவை 9 வோல்ட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. கவிழ்த்து அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். 5 வோல்ட் பெட்டியில் 9 வோல்ட் போட்டால் உள்ளே சிப் போய்விடும். பிளஸ், மைனஸ் மாறினாலும் ஆபத்துதான். எங்களுடையது 5 வோல்ட். 2000-ல் அண்ணன் டேப் ரெக்கார்டரின் 9 வோல்ட் எலிமினேட்டரை எடுத்துக்கொண்டு இதன் பக்கத்தில் போயிருக்கிறான், இடி மின்னல் நேரத்தில் கரண்டில் கை வைக்காதே என்று பாட்டி கத்தியிருக்கிறார். பெட்டி பிழைத்தது அன்றைக்குப் பெய்த மழையால்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டியோடு அசல் அடாப்டரும் இருக்கிறதா? சந்தோஷப்பட்டு நம்ம பிளக்கில் சொருகிவிடாதீர்கள். அது 100 வோல்டுக்குச் செய்தது, நம்மூர் கரண்டு 230.

அடுத்தது சுத்தம். டெல்டா ஈரம் தெரியும்தானே, பித்தளைக் குடத்தையே பச்சையாக்கிவிடும், கேசட்டின் அடியில் இருக்கும் உலோகப் பின்னை விடுமா. செல்போன் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறுப்பு வராத வரைக்கும் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதி வளர்ந்தவர்கள்தான், ஆனால் எச்சில் ஈரம் பட்டால் பின் இன்னும் சீக்கிரம் களிம்பு ஏறும்.

அப்புறம் நல்ல மெக்கானிக். முதலில் நான் கொண்டுபோன கடையில் போர்டு போய்விட்டது, வேண்டுமானால் 200 ரூபாய் தருகிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். மூடியைக்கூடத் திறக்காமல் போர்டு போனது எப்படித் தெரியும் என்று எனக்குச் சந்தேகம், தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஆடுதுறைப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். மூன்று கண்டென்சர் மாற்றினார், ஒரு இடத்தில் ஈயம் விட்டிருந்ததைத் திரும்ப வைத்தார், 5 வோல்ட் சப்ளை ஒன்று செய்து கொடுத்தார். மொத்தம் 450 ரூபாய். பெட்டி ஓடினதும், இவ்வளவு சத்தம் போடுமா இது என்று கேட்டுவிட்டு அவரே ஒரு ஆட்டம் ஆடினார்.

எந்த டிவி வேண்டும்? எல்இடி டிவியில் வராதா?

ஏவி ஓட்டை இருந்தால் வரும். ஆனால் புது டிவி இந்தப் படத்தை வாங்கி, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும், அதற்குள் கண்ணிமைக்கிற நேரம் தாமதம் ஆகிவிடும். சீரியலுக்குப் பரவாயில்லை, சண்டை கேமில் அந்த இடைவெளியில் ஆள் செத்துவிடுவான். பழைய டப்பா டிவிதான் சரி.

எங்கள் வீட்டில் இருப்பது 2006-ல் ஆரம்பித்த அரசாங்கத் திட்டத்தில் பாட்டி பெயருக்கு வந்த 14 இஞ்ச் இலவசக் கலர் டிவி. முதலில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது, பெட்டியே போச்சு என்று பயந்தேன். பெட்டி அனுப்புவது என்டிஎஸ்சி என்கிற கலர் சிக்னல் முறை, நம் டிவி பார்த்துப் பழகியது பால் (PAL) என்கிற வேறு முறை. மெனுவுக்குள் போய்க் கலர் சிஸ்டம் என்பதை ஆட்டோ ஆக்கியதும் நிறம் குபீரென்று வந்தது. ரிமோட் எங்கே என்று தேடத்தான் இரண்டு நாள் ஆனது.

கடை மெஷின் கேசட்டு கிடைத்தால் இதில் போடலாமா?

நேரடியாகப் போகாது. கேம் ஒன்றுதான், ஆனால் எம்விஎஸ் கேசட்டின் உலோகப் பின் அமைப்பு வேறு. நடுவில் போடுகிற கன்வெர்ட்டர் விற்கிறார்கள். கடை கேசட்டு விலை குறைவு என்பதால் நிறையப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

வீட்டிலேயே இருக்கிறது, காசு போட வேண்டாம், செத்தாலும் தொடர்ந்துகொண்டே போகலாமே. சலித்துவிடாதா?

பல கேம்களில் வீட்டுப் பெட்டி உயிரை எண்ணித்தான் கொடுக்கும், தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இது ஓசி இல்லை என்று மெஷினே சொல்கிற மாதிரி. ஆனால் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் என் கஷ்டம் வேறு. தோற்றதும் பட்டனை அழுத்தினால் திரும்ப எழுந்துவிடலாம் என்று தெரிந்ததும், கை சோம்பேறி ஆகிவிடுகிறது. அதனால் நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று ஆட்டம், தொடர்வது கிடையாது, தோற்றால் அணைத்துவிட வேண்டும். ஒரு டப்பாவில் மூன்று ஒரு ரூபாய்க் காசு இருக்கிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றை எடுத்து இன்னொரு டப்பாவில் போடுகிறேன். என் மனைவி இதைத் தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டேன். கேட்டாலும் பரவாயில்லை, இப்போது கால்வட்டம் பத்துக்கு எட்டு வருகிறது.

இதெல்லாம் மொபைலிலேயே இருக்கிறதாமே?

இருக்கிறது. ஹாம்ஸ்டர் என்கிற ஜப்பான் கம்பெனி பழைய நியோ ஜியோ கேம்களை ஒவ்வொன்றாக இன்றைய பெட்டிகளுக்கும் மொபைலுக்கும் முறையாக விற்கிறது. 2018-ல் எஸ்என்கேயே 40 கேம் அடக்கிய கையடக்க நியோ ஜியோ மினி ஒன்று விட்டது. ஆட்டம் தெரிந்தால் போதும் என்றால் அவையே போதும், பரணைக் கிளற வேண்டாம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலைத் தேய்த்துக் கால்வட்டம் போடுவது எனக்குச் சரிப்படவில்லை.

கம்பெனி இன்னும் இருக்கிறதா?

பழைய எஸ்என்கே 2001-ல் திவாலானது. பெயரும் உரிமையும் கை மாறி இப்போதும் அதே பெயரில் நடக்கிறது. இந்தப் பெட்டிக்குக் கடைசி முறையான கேம் சாமுராய் ஷோடவுன் 5 ஸ்பெஷல், 2004-ல். 1990-ல் வந்த பெட்டிக்குப் பதினாலு வருஷம் கேம் போட்டிருக்கிறார்கள்.

விற்பீர்களா?

மாட்டேன். சித்தப்பாவும் இதையேதான் கேட்டார், அவருக்கும் இதே பதில்.

வந்து ஆடலாமா?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் வாருங்கள். குழந்தைகளைக் கூட்டி வாருங்கள், நடுவில் விளம்பரம் வராத கேமை அவர்கள் பார்த்ததில்லை.

டிவி மேல் ஒரு ரூபாய்க் காசு இருக்கிறதே, அதை எடுத்து விளையாடலாமா?

அதைத் தொடாதீர்கள். அந்தச் சந்துக் கடையில் ஒற்றைக் காசில் கடைசி ஆள் வரைக்கும் போகிற அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால்தான் நான் அதிக நாள் நின்றிருக்கிறேன். இப்போது திருபுவனத்தில் பட்டுச் சேலை வியாபாரம், தலை நரைத்துவிட்டது. போன ஆடி மாதம் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். இருபது வருஷமாக ஸ்டிக்கைத் தொட்டதில்லை என்றார். உட்கார்ந்தார், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் வருகிற ஐயோரி என்கிற சண்டைக்காரனை எடுத்தார், இரண்டு நிமிஷம் தடுமாறினார், பிறகு அந்தக் கை தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முடித்துவிட்டு, கடையில் அந்தக் காலத்தில் அடுத்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்க மெஷின் மேல் காசு வைப்போமே, அந்த மாதிரி சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டு, தீபாவளி வியாபாரம் முடிந்ததும் வருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.